சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்

சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட் என்பது அமெரிக்க நாடகாசிரியர் மார்க் மெடாஃப் எழுதிய ஆங்கில நாடகமும், அதனைத் தழுவி 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமும் ஆகும். டென்னிசனின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட இத்தலைப்புக்குத் "தாழ்ந்த கடவுள் ஒருவரின் குழந்தைகள்" எனப் பொருள் கொள்ளலாம். செவிப்புலனற்ற கதைமாந்தராகச் செவிப்புலனற்ற நடிகர்களே நடிக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றதில் இப்படைப்புக்கு முக்கிய பங்குண்டு.

பின்னணி

இதற்கு முன்னர் இத்தகைய வேடங்களைப் பெரும்பாலும் கேட்கும் திறனுள்ளோரே ஏற்றனர். ஜானி பெலிண்டா (1948) படத்தில் ஜேன் வைமனும், த மிராக்கிள் வொர்க்கர் (1962) படத்தில் ஹெலன் கெல்லராக நடித்த பாட்டி டியூக்கும் அகாதமி விருது பெற்றனர். இருவரும் கேட்கும் திறனுள்ளவர்கள்.

நாடகம்

1967 இல் தொடங்கப்பட்ட செவிப்புலனற்றோர் தேசிய அரங்கின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர் பிலிஸ் ஃப்ரெலிக். அவரையும் கேட்கும் திறனுள்ள அவருடைய கணவரையும் சந்தித்த மெடாஃப், ஃப்ரெலிக்கை மனதிற் கொண்டே இந்நாடகத்தை எழுதினார். 1979 இல் லாஸ் ஏஞ்சலசிலும் 1980 இல் பிராட்வேயிலும் மேடையேறியது. ஃப்ரெலிக் 1980 இல் சிறந்த நடிகைக்கான டோனி விருதைப் பெற்றார். இவ்விருதைப் பெற்ற முதல் செவிப்புலனற்றவர் இவரே.

செவிப்புலனற்றோர் பள்ளிக்குப் பேச்சுப் பயிற்சியளிக்க வரும் ஜேம்ஸ் லீட்ஸ், அங்கு துப்புரவுப் பணி செய்யும் முன்னாள் மாணவி சாரா நார்மனைக் காதலித்து மணக்கிறான். அவளைப் பேச வைக்க முயல்கிறான். அவளோ சைகை மொழியே தன் மொழி என்று பேச மறுக்கிறாள். சாராவின் சைகைகளைப் பார்வையாளருக்காக வாய்விட்டுச் சொல்பவனும் ஜேம்ஸே. தனக்காக எவரும் பேச வேண்டாம் என்பவளின் சொற்கள் அவன் குரல் வழியாகவே அரங்கை அடைகின்றன. நாடகத்தின் சிக்கலே இதுதான். ஓரின் என்னும் மற்றொரு பாத்திரம், பள்ளியில் செவிப்புலனற்ற ஆசிரியர்களை நியமிக்குமாறு போராடுகிறது.

சாரா, ஓரின், லிடியா ஆகிய வேடங்களில் செவிப்புலனற்றவரோ கேள்விக் குறைபாடுடையவரோ மட்டுமே நடிக்க வேண்டும் எனத் தொழில்முறைக் குழுக்களுக்கு மெடாஃப் நிபந்தனை விதித்தார். வெறும் வேண்டுகோளாக இருந்திருப்பின் பல குழுக்கள் அதனைத் தவிர்த்திருக்கக்கூடும். இலண்டனில் சாராவாக நடித்த எலிசபெத் குவின் 1981 இல் ஒலிவியே விருது பெற்றார். இவரும் செவிப்புலனற்றவர்.

திரைப்படம்

ராண்டா ஹெய்ன்ஸ் இயக்கிய படத்தில் வில்லியம் ஹர்ட், மார்லி மாட்லின் ஆகியோர் நடித்தனர். சிகாகோவில் இந்நாடகத்தின் துணை வேடமொன்றில் நடித்துக் கொண்டிருந்த மாட்லினுக்கு இதுவே முதற்படம். 1987 இல் தமது 21 ஆவது வயதில் சிறந்த நடிகைக்கான அகாதமி விருதைப் பெற்றார். இப்பிரிவில் மிக இளையவர் என்ற சிறப்பும் அவருக்கு உண்டு.

படம் காதற்கதையை முன்னிறுத்தி, ஆசிரியர் நியமனப் போராட்டத்தைக் கைவிட்டது. ஹர்ட் சைகைகளை ஓயாது வாய்மொழியாக மாற்றியதும், சில காட்சிகளில் கைகள் சட்டகத்துக்கு வெளியே போனதும் குறைகளாகச் சுட்டப்பட்டன. கைகள் தெரியாவிடில் சைகை மொழி அறிந்தோருக்கு அக்காட்சி பாதி ஊமைப்படமே.

1988 விருது விழாவில் மாட்லின் நடிகர்களின் பெயர்களை வாய்விட்டு அறிவித்தார். பேச்சை மறுத்த சாராவாக நடித்தவர் பேசியதைச் செவிப்புலனற்றோர் சிலர் கண்டித்தனர்.

பிற்காலம்

2018 இல் லாரன் ரிட்லொஃப் சாராவாக நடிக்க, நாடகம் மீண்டும் பிராட்வேக்கு வந்தது.

ல ஃபமில் பெலியே (2014) என்னும் பிரெஞ்சுப் படத்தில் செவிப்புலனற்ற பெற்றோராகக் கேட்கும் திறனுள்ளோர் நடித்தது கண்டனத்துக்குள்ளானது. அதன் அமெரிக்கத் தழுவலான கோடா (2021) படத்தில் தந்தை வேடத்துக்குக் கேட்கும் திறனுள்ள நடிகரை நியமிக்க முதலீட்டாளர்கள் எண்ணியபோது, தாயாக நடிக்கவிருந்த மாட்லின் அவ்வாறாயின் தாம் விலகுவதாகக் கூறினார். அவ்வேடம் டிராய் கோட்சருக்குக் கிடைத்தது. 2022 இல் சிறந்த துணை நடிகருக்கான அகாதமி விருதை அவர் பெற்றார். மாட்லினுக்குப் பின் 35 ஆண்டுகள் கழித்து நடிப்புக்காக அகாதமி விருது பெற்ற இரண்டாவது செவிப்புலனற்றவர் இவராவார்.