டி.வி.டி.யிலிருந்து மீட்ட படங்கள்: ஓர் இல்லத் தொழிலின் சரித்திரம்

பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகட்டில் முழுநீளத் திரைப்படம் ஒன்றை அடக்கிவிட வேண்டும் என்ற நோக்கத்துடன், ஸோனியும் பிலிப்ஸும் ஒரு திட்டத்தையும், தோஷிபாவும் டைம் வார்னரும் வேறொரு திட்டத்தையும் வகுத்துக்கொண்டு போட்டியிட்டு, கம்ப்யூட்டர் உற்பத்தியாளர்களின் நிர்ப்பந்தத்தின்பேரில் 1995-ஆம் ஆண்டில் ஒரே திட்டத்துக்கு உடன்பட்டதன் பயனாகப் பிறந்தது டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் அது கடைக்கு வந்தது. ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட், இரண்டு அடுக்கானால் 8.5 ஜிகாபைட் என்று அதன் கொள்ளளவை நிர்ணயித்த நிபுணர்கள், படத்தின் தெளிவையும் ஒலியின் நயத்தையும் பல பாஷைகளுக்கான சப்டைட்டில்களையும் தீர்க்கமாக யோசித்தார்கள். ஆனால் அதை வாங்கிப் பார்க்கும் குடும்பஸ்தர் ஒருவர் அதிலிருந்து ஒரு காட்சியை வெட்டி எடுத்து வேறொன்றுடன் இணைக்க விரும்பக்கூடும் என்பதற்கு அவர்களுடைய திட்டத்தில் இடமில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்காக எத்தனையோ பேர் தத்தம் வீட்டு மேஜையின்முன் அமர்ந்து செய்த பிரயாசையைப் பற்றியே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

குறையின் மூலகாரணம் படம் சுருக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி விநாடிக்கு 25 ஃபிரேம்கள், ஒவ்வொன்றும் 720-க்கு 576 புள்ளிகள் என்று அப்படியே எழுதிக்கொண்டு போனால், 4.7 ஜிகாபைட் தகடு ஐந்து நிமிஷத்துக்குள் நிரம்பிவிடும். ஆகையால் எம்பெக்-2 என்னும் முறையை அனுசரித்து, ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு ஃபிரேமை மாத்திரம் பூரணமாக எழுதி, இடையிலுள்ளவற்றில் முந்தியதிலிருந்து எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்வார்கள். அவற்றிலும் சில, தமக்கு முன்னால் இருப்பதை மட்டுமன்றிப் பின்னால் வரப்போவதையும் ஆதாரமாகக் கொண்டு நிற்கும். பார்ப்பதற்கு இது அற்புதமான யுக்தி. வெட்டுவதற்கோ இது பெரும் பிரதிபந்தம். அந்தாதியின் நடுவிலிருந்து ஒரு செய்யுளை உருவினால் தொடை அறுந்துபோவதுபோல, இத்தொகுதியின் நடுவே கத்தரி வைத்தால் மிச்சமுள்ள ஃபிரேம்கள் ஆதாரமிழந்து கட்டம் கட்டமாகச் சிதறும்.

இதற்குமேல், தகட்டில் அவற்றைக் கட்டிவைத்த முறையும் இடைஞ்சலானது. வீடியோ_டி.எஸ். என்ற கோப்புறையைத் திறந்தால், படம், ஒலி, சப்டைட்டில் மூன்றையும் சிறுசிறு துண்டுகளாகப் பின்னிய வி.ஓ.பி. கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்கு மிகலாகாது என்பது விதியாதலால், ஒரு பாட்டின் பாதியிலோ, ஒரு பேச்சின் நடுவிலோ கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும். வரிசையில் பூஜ்யம் என்று எண்ணிட்ட கோப்பில் தேர்வுப் பட்டியல்தான் இருக்கும்; படம் ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். இதை அறியாமல் கோப்பின் பெயரை மாத்திரம் மாற்றி எடிட்டிங் நிரலில் ஏற்றியவர்கள், படம் வந்தும் ஒலி வராமலோ, ஒலி வந்தும் உதட்டசைவோடு பொருந்தாமலோ திகைத்துப்போனார்கள். டால்பி முறையில் சுருக்கப்பட்ட ஒலியை வாசிப்பதற்கு உரிமக் கட்டணம் செலுத்தாத நிரல்கள் அக்காலத்தில் அநேகம்.

கடையில் விற்கும் திரைப்படத் தகடுகளுக்கு இவற்றோடு ஒரு பூட்டும் இருந்தது. நாற்பது பிட் நீளமே உள்ள அந்தப் பூட்டை, 1999 அக்டோபரில், நார்வே தேசத்தைச் சேர்ந்த ஜான் லெக் யோஹான்சன் என்ற பதினைந்து வயதுச் சிறுவரும், பெயர் வெளியிடாத வேறிருவரும் சேர்ந்து திறந்துவிட்டார்கள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் தாம் வாங்கிய படத்தைப் பார்ப்பதற்கு வேறு மார்க்கம் இல்லை என்பது யோஹான்சனின் வாதம். அமெரிக்காவில் 1998-ஆம் வருஷத்து டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு நியூயார்க் நீதிபதி லூயிஸ் காப்லான், அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்ட பத்திரிகையொன்றுக்கு 2000 ஆகஸ்டில் தடை விதித்தார். ஆஸ்லோ நீதிமன்றமோ 2003 ஜனவரியில் யோஹான்சனைக் குற்றமற்றவர் என்று விடுவிக்க, அப்பீலிலும் அவ்வாண்டு டிசம்பரில் அதே தீர்ப்புக் கிடைத்தது. பணம் கொடுத்து வாங்கிய தகட்டைத் தனக்கு உகந்த சாதனத்தில் பார்ப்பவரைத் திருடரோடு சேர்த்து எண்ணாத ஆஸ்லோ தீர்ப்பே நியாயமானதென்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவிலும் 2010-இல், ஆவணப்படங்களுக்காகவும் வியாபார நோக்கமற்ற படங்களுக்காகவும் சிறு பகுதிகளை எடுப்பதற்கு மேற்சொன்ன சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்கள்.

பூட்டு ஒருபுறமிருக்க, வெட்டத்தக்க வடிவத்துக்கு மாற்றுவது அக்காலத்தில் எத்தகைய தவமாக இருந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் அறியார். வீட்டில் படம் தொகுப்பவர்களுக்கு அப்போது உகந்ததாக இருந்தது, ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கிவைக்கும் டி.வி. (டிஜிட்டல் வீடியோ) என்னும் காமிராப் பதிவு முறை. அதில் ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் வேண்டும். 1999-இல் ஆப்பிள் ஸ்தாபனத்தார் இல்லத் தொகுப்புக்கென்றே விளம்பரப்படுத்தி விற்ற ஐமேக் டி.வி. கம்ப்யூட்டரின் வட்டு 10 ஜிகாபைட்தான்! ஆகவே, படத்தைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்து மாற்றி, தொகுத்து, முடிந்ததை அழித்து, அடுத்ததை ஏற்றி, இரவு முழுவதும் யந்திரத்தை ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

அந்த இருளில் வழிகாட்டியவர்கள் பெரும்பாலும் கூலி கருதாத நிரலாளர்கள். ஏவரி லீ இலவசமாக அளித்த வர்ச்சுவல்டப் வெட்டும் வேலையில் கெட்டி; ஆனால் எம்பெக்-2 அதற்கு வாசிக்கத் தெரியாது; அக்குறையை ஏவிஸிந்த் என்னும் வேறொரு இலவச நிரலை இடையில் வைத்துச் சரிக்கட்டினார்கள். மாக் வைத்திருந்தவர்களுக்கு எம்பெக் ஸ்ட்ரீம்கிளிப் வாய்த்தது. அது இலவசமானாலும், எம்பெக்-2 வாசிக்கும் துணைப் பகுதிக்காக ஆப்பிளுக்கு ஏறக்குறைய 20 டாலர் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக், எல்லா வடிவங்களையும் எல்லா வடிவங்களுக்கும் மாற்றவல்ல பெருநூலகமாக வளர்ந்து, இன்று நாம் உபயோகிக்கும் மாற்றி நிரல்கள் பலவற்றினுள்ளும் மறைந்து நின்று உழைக்கிறது. எம்பெக்-2 காப்புரிமைகளுள் அமெரிக்காவில் கடைசியாக எஞ்சியிருந்ததும் 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது.

இவையெல்லாம் அயல்நாட்டு விவகாரம் என்று தமிழர் ஒதுக்கிவிட முடியாது. கேசட்டும் வி.ஸி.டி.யும் போய் டி.வி.டி. வந்தபின், நம் குடும்பங்களில் கல்யாணம், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா, மணிவிழா ஆகிய சகல சுபகாரியங்களும் அத்தகட்டிலேயே தங்கிவிட்டன. வீடியோக்காரர் எடுத்த மூல நாடா பொதுவாக நம்மிடம் வருவதில்லை. மிக்ஸிங் முடித்து, சினிமாப் பாட்டுச் சேர்த்து, பூவுக்குள் மணமக்கள் முகம் மலரும்படி அலங்கரித்த தகடே வந்து சேரும். நாதஸ்வரத்தின்மேல் ஏற்றிய சினிமாப் பாட்டை எந்த மாற்றத்தாலும் பழையபடி சுத்தமாகப் பிரித்தெடுக்க இயலாது. சுருக்கத்தில் இழந்த தெளிவும் திரும்பாது. எனினும், பந்தியின் ஓரத்தில் பத்து விநாடி திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் பாட்டனாரைத் தனியே எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமானால், அது சாமானியமான லாபமா? வீட்டுத் தகடுகளில் பூட்டு இருப்பதில்லை. கூலி கொடுத்து எடுப்பித்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்று நம் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் கூறுகிறது.

ஆனால் காலம் நமக்காகக் காத்திராது. எழுதப்பட்ட தகட்டின் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் கெடும்; அதை வாசிக்கும் கருவியோ புதிய மடிக்கணினிகளில் இல்லை. ஆகவே, பீரோவில் அத்தகைய தகடு வைத்திருப்பவர்கள், யு.எஸ்.பி.யில் பொருத்தும் டி.வி.டி. டிரைவ் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, முதற்காரியமாகத் தகடு முழுவதையும் ஐ.எஸ்.ஓ. பிரதியாக எடுத்துவிட வேண்டும். பிறகு அதிலுள்ள வி.ஓ.பி.களை வரிசைப்படி இணைத்து, ஒவ்வொரு ஃபிரேமும் பூரணமாக நிற்கும் புரோரெஸ் போன்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு தொகுக்கலாம். முகங்கள் நீண்டோ அகன்றோ தோன்றினால் படத்தின் அகல உயர விகிதத்தையும், அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்போல் பிரிந்தால் ஒன்றுவிட்டொரு வரியாகப் பதிந்த முறையையும் சரிசெய்ய வேண்டும். தொகுப்பு முடிந்தாலும் ஐ.எஸ்.ஓ. பிரதியை அழித்துவிடாமல், இரண்டு வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.