அமுக்கரா

அமுக்கரா கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. அதன் வேர் ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் உடல்தேற்றி மருந்தாக நெடுங்காலம் வழங்கிவருகிறது. இன்று மன அழுத்தத்துக்கும் தூக்கமின்மைக்கும் உரிய ஊட்டச்சத்து மாத்திரையாக உலகெங்கும் விற்பனையாகிறது. அமுக்கிரா, அமுக்குரவு என்றும் சொல்வதுண்டு. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்கு என்று கேட்டு வாங்கினாலும் கிடைப்பது கிழங்கு அன்று, உலர்ந்த வேர். பச்சை வேரின் வாடை குதிரையின் வாடையை ஒத்திருப்பதால் வடமொழியில் அசுவகந்தா என்று பெயர். தாவரவியல் பெயர் விதானியா சோம்னிஃபெரா. இலத்தீனில் சோம்னிஃபெரா என்றால் உறக்கம் தருவது.

செடி ஓர் அடி முதல் ஐந்து அடி வரை வளரும். தண்டிலும் இலையிலும் வெண்ணிறச் சுணை படர்ந்திருக்கும். பூ மஞ்சள் கலந்த பச்சை; பழம் சொடக்குத் தக்காளியைப் போல மெல்லிய உறைக்குள் சிவந்து பழுக்கும். இந்தியாவில் இதன் பெரும் விளைநிலம் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய ராஜஸ்தானும். அங்கே பருவமழை ஓயும் தறுவாயில் விதைத்து, 150 முதல் 180 நாளில், பனிக்காலம் கழியும்போது வேரோடு பிடுங்குகிறார்கள். வளமான மண்ணோ அதிகத் தண்ணீரோ தேவையில்லை. நீர் தேங்கினால் பயிர் கெடும். பிடுங்கிய செடியில் தண்டை நறுக்கிவிட்டு, வேரைத் துண்டாக்கி உலர்த்தி, சந்தையில் தரம் பிரிக்கிறார்கள். முதல் தர வேர் 7 செ.மீ. வரை நீளமும் 1 முதல் 1.5 செ.மீ. பருமனும் கொண்டது. கையால் ஒடித்தால் படக்கென்று முறியவேண்டும். முறிந்த இடம் மாவைப்போல வெளுத்திருக்கவேண்டும். ஒல்லியாகக் கிளைத்த வேரும் உள்ளே மஞ்சளோடிய வேரும் விலை குறைந்தவை.

ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை அசுவகந்தாவை வலிமை தரும் மூலிகைகளிலும் உடலைப் பருக்கச் செய்யும் மூலிகைகளிலும் சேர்த்திருக்கிறது. இளைத்தவர்க்கும், நோயில் கிடந்து எழுந்தவர்க்கும் உரிய மருந்தாகவே அது முதலில் எண்ணப்பட்டது. இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் வேர்ப்பொடியின் அளவை 3 முதல் 6 கிராம் என்று வகுக்கிறது. பால், நெய், தேன் ஆகியவற்றுள் ஒன்று துணைமருந்தாகும்.

சித்த மருத்துவத்தில் வேரை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. முதலில் சுத்தி செய்யவேண்டும். ஒரு பானையில் பாதியளவு பாலும் நீரும் ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் வேர்ப்பொடியைப் பரப்பி, மேலே சட்டி கவிழ்த்து, புட்டு அவிப்பதுபோல ஆவியில் வேகவைப்பார்கள். இதற்குப் பிட்டவியல் என்று பெயர். வெந்த பொடியை வெயிலில் உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்தால்தான் அது மருந்துக்கு ஆகும். அமுக்கரா சூரணத்தின் அளவு முறை அழகானது. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இருமடங்கு. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 255 பங்கு. அதில் பாதி சர்க்கரை, கால்வாசிதான் அமுக்கரா. 2 கிராம் சூரணம் உண்பவருக்குச் சேர்வது அரை கிராம் வேர். அதுவும் சுக்கு, மிளகு, திப்பிலியோடு கலந்து, பாலில் இறங்குகிறது.

வேரிலும் இலையிலும் உள்ள முக்கிய வேதிப்பொருள்கள் விதனோலைடுகள் எனப்படும். ஆலைகளில் வேரை நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து, வடித்து, செறிவாக்கி, விதனோலைடு இத்தனை விழுக்காடு என்று அளவிட்ட சாறாக மாற்றுகிறார்கள். மருந்துக் கடை மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது இந்தச் சாறுதான். 5 விழுக்காட்டுச் சாறு 300 மி.கி. உண்டால் உடலில் சேரும் விதனோலைடு 15 மி.கி.; 35 விழுக்காட்டுச் சாறாக இருந்தால் 120 மி.கி. எடையிலேயே 42 மி.கி. சேர்ந்துவிடும். இரண்டு புட்டியின் மேலும் இருப்பது ஒரே பெயர். இதைக் கவனியாமல் நூல்வழி மருந்தின் நற்பெயரை மாத்திரைக்கு அப்படியே மாற்றித் தந்துவிடுவதுதான் இன்றைய பெரும் பிழை.

பயன் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் முடிந்த முடிபாகக் கொள்ளும் அளவுக்கு வளரவில்லை. 2012இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் மன அழுத்தமுள்ள 64 பேரில் ஒரு சாராருக்கு 300 மி.கி. வேர்ச்சாறு நாளுக்கு இருவேளையாக 60 நாள் தரப்பட்டது. போலி மாத்திரை உண்டவர்களைவிட அவர்களுக்கு அழுத்தம் தணிந்தது. குருதியில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் இதுபோன்ற முடிவுகள் பின்னும் வந்துள்ளன. எனினும் பெரும்பாலானவை நூறு பேரை ஒட்டிய, இரண்டு மூன்று மாதமே நீடித்த ஆய்வுகள். ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்குபவரின் உடலில் என்ன நேரும் என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

தீங்குகளில் முதலில் சொல்லவேண்டியது கல்லீரல் பாதிப்பு. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா மாத்திரை உண்டு மஞ்சள் காமாலை கண்ட ஐவரைப் பற்றி 2020இல் ஒரு மருத்துவ இதழ் கட்டுரை வெளியிட்டது. மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் அவர்கள் தேறினர். உண்பவர் தொகையோடு ஒப்பிட்டால் இது அரிது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடலெங்கும் அரித்தாலோ அன்றே நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். தைராய்டு சுரப்பு கூடுதலாக உள்ளவர்க்கு அமுக்கரா அச்சுரப்பை மேலும் ஏற்றக்கூடும். கருவுற்றவர்கள் உண்ணலாகாது. நீரிழிவு மருந்து, தூக்க மாத்திரை, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரப்படும் நோயெதிர்ப்பு அடக்கிகள் ஆகியவற்றோடும் இது மோதும். ஆங்கில மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியல் சொல்லும்போது இதை மருந்தாகவே கருதாமல் விட்டுவிடுபவர் பலர். அங்கேதான் ஆபத்து நுழைகிறது.

டென்மார்க் 2023இல் உணவிலும் ஊட்டச்சத்துப் பொருள்களிலும் அமுக்கராவைத் தடைசெய்தது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் இலையைத் தவிர்த்து வேரை மட்டுமே பயன்படுத்துமாறு மருந்து செய்வோரை அறிவுறுத்தியது. நூல்கள் உள்மருந்தாகச் சிறப்பிப்பது வேரையே. இலையோ மலிவானது, விதஃபெரின் ஏ என்னும் செல்நச்சுப் பொருளை மிகுதியாகக் கொண்டது. அதைச் சேர்த்தால் விதனோலைடு விழுக்காட்டைச் செலவின்றிக் கூட்டிக் காட்டலாம்.

ஒரே வேர் இந்தியாவில் இரண்டு சட்டங்களின் கீழ் விற்கப்படுகிறது. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டப்படி உரிமம் பெற்றால் அது ஆயுர்வேத அல்லது சித்த மருந்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்படி விற்றால் ஊட்டச்சத்துப் பொருள். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உணவுத் துணைப்பொருள்; விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை. வாங்குபவர் புட்டியில் பார்க்கவேண்டியவை வேரா இலையா என்ற குறிப்பு, பொடியா சாறா என்பது, விதனோலைடு எத்தனை மி.கி. என்பது, உரிம எண் ஆகியவை.