சலவைக்கற் கணப்பு

வெப்பம் மிகுந்த நம் நாட்டிலே குளிர்காயும் கணப்படுப்பை அறிந்தோர் சிலரே. நுவரெலியாவில் ஆங்கிலேயர் கட்டிய பழைய பங்களாக்களுக்குச் சென்றோர், சுவரிலே அமைந்த அவ்வடுப்பைக் கண்டிருப்பர். அது வளர்ந்த இடம் இங்கிலாந்து. அதன் வரலாற்றிலே அழகும் உண்டு, அவலமும் உண்டு.

முற்காலத்தில் ஆங்கிலேயர் கூடத்தின் நடுவே தீ மூட்டினர். புகை கூரை வழியே வெளியேறியது. பின்னர் அடுப்பு சுவரோரம் ஒதுங்கிற்று. அதன்மேல் புகைபோக்கி எழுந்தது. அடுப்புகள் பெருகவே அரசின் கண் அவற்றின்மீது விழுந்தது. 1662ஆம் ஆண்டில் அடுப்பொன்றுக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் வரி விதிக்கப்பட்டது. அதிகாரிகள் வீட்டினுள் நுழைந்து அடுப்புகளை எண்ணுவதை மக்கள் வெறுத்தனர். 1689இல் அவ்வரி ஒழிந்தது.

18ஆம் நூற்றாண்டிலே செல்வர் இல்லங்களில் கணப்பே கூடத்தின் அணிகலனாயிற்று. இத்தாலியிலிருந்து கரராவின் வெண்சலவைக்கல்லும் சியெனாவின் மஞ்சட் கல்லும் கப்பலேறி வந்தன. றொபேட் அடம் என்னும் கட்டடக் கலைஞர், பண்டை உரோமரின் பூமாலைகளையும் சாடிகளையும் அக்கல்லிற் செதுக்குவித்தார். சலவைக்கல் என்பது நிலத்தடி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமடைந்த சுண்ணாம்புக்கல். எலுமிச்சஞ் சாறு பட்டாலே அதன் பளபளப்புக் கெடும். கடுந்தீ தாக்கினால் வெடிப்புக் காணும். ஆகவே தீ எரியும் குழியைச் செங்கல்லாலும் இரும்பாலும் அமைத்து, சலவைக்கல்லை அதைச் சூழ்ந்த முகப்பாக நிறுத்தினர். வசதி குறைந்தோர் 19ஆம் நூற்றாண்டிலே, கரும்பலகைக் கல்லின்மேல் வண்ணந் தீட்டிச் சலவைக்கல்போலத் தோன்றச் செய்தனர்.

முகப்பை இவ்வளவு ஆராய்ந்து தேர்ந்தவர்கள், அதன் பின்புறத்தை நோக்கினார்களில்லை. வெப்பத்தின் பெரும்பகுதி புகையுடன் வீணே போயிற்று. குழியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகைவாயை ஒடுக்கினால் அறை நன்கு சூடேறும் என்று 1796இல் றம்போட் பிரபு எழுதிக் காட்டினார்.

அதனினும் பெருங்கேடு வேறொன்று. ஒடுங்கிய புகைபோக்கிகளிற் படியும் கரியை அகற்ற, ஏழைச் சிறுவரை அவற்றினுள்ளே ஏற்றினர். அத்தொழிலாளருக்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இலேயே பேர்சிவல் பொட் என்னும் மருத்துவர் எழுதினார். 8 வயதுக்குட்பட்டோரைத் தொழிலிற் சேர்க்கலாகாது என 1788ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 21 வயதுக்குட்பட்ட எவரும் ஏறலாகாது என 1840ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. இரண்டையும் மீறியோர் பலர். 1875இல், புகைபோக்கியிற் சிக்கிய சிறுவன் ஒருவன் உயிரிழந்த பின்னரே, அத்தொழில் செய்வோர் பொலிசாரிடம் அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டம் பிறந்தது, கொடுமையும் ஓய்ந்தது.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து இலண்டனில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. திறந்த கணப்பின் ஆட்சியும் மெல்ல முடிவுற்றது.

இன்று அவ்வீடுகள் பலவற்றிலே தீ இல்லை. வெண்கல் முகப்பு மட்டும் நிற்கின்றது. அதனைச் செதுக்கிய கைகளைப் போற்றுவோம். ஆயினும், எட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையுள் நுழையும்போதெல்லாம், அம்முகப்பின் பின்னே இருளில் ஏறிய சிறுவரே என் நினைவுக்கு வருகின்றனர்.