தழும்பா, கட்டியா?

1/ "கட்டி கரைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டீங்களே டாக்டர், அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி எம்ஆர்ஐ?" மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள் கேட்பது. நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கு.

2/ 1908-ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் ஒரு அறுவை சிகிச்சையை விவரித்தார். மலக்குடல், ஆசனவாய் இரண்டையும் மொத்தமாக எடுத்துவிட்டு, மலம் போக வயிற்றில் வழி வைப்பது. உயிர் மிஞ்சும். ஆனால் அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க வயிற்று வழியாகத்தான் மலம்.

3/ பின்னாளில் அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படி வெட்டி எடுத்த சில குடல்களில் தேடினால் புற்று செல்லே இல்லை!

4/ "இல்லாத நோய்க்கு ஏன் குடலை எடுக்கணும்?" என்ற கேள்வியைத் துணிந்து கையில் எடுத்தவர் பிரேசில், சாவ் பாலோவின் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா. 2004-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 265 நோயாளிகள். கட்டி முழுதாக மறைந்த 71 பேருக்குக் கத்தியே வைக்கவில்லை, விடாமல் கண்காணித்தார். பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை.

5/ பல அறுவை நிபுணர்கள் நம்பத் தயங்கினார்கள். கதிர்வீச்சு பட்ட இடம் தழும்பாகும். சிடி ஸ்கேனில் தழும்பையும் கட்டியையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். உள்ளே மிச்சம் இருந்தா?

6/ இங்கேதான் எம்ஆர்ஐ கைகொடுத்தது. நார்த்தழும்பு கறுப்பாகத் தெரியும். கட்டி சாம்பல் நிறம். 'டிஃப்யூஷன்' என்ற இன்னொரு வகைப் படம், நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைப் பார்க்கும். புற்று செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் நீர் நகர முடியாது. அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும்.

7/ ஆனா எம்ஆர்ஐ மட்டும் போதாது. உள்சுவரில் முளைக்கும் சின்னக் கட்டி அதில் தப்பிவிடலாம். அதனால்தான் விரல் பரிசோதனை, எண்டோஸ்கோபி, சிஇஏ ரத்தப் பரிசோதனை எல்லாம் கூடவே வரும்.

8/ 2018-ல் லான்செட் இதழில் பல நாடுகளின் கணக்கு வந்தது. இப்படிக் கண்காணிக்கப்பட்ட 880 பேரில், 2 ஆண்டுக்குள் சுமார் 25% பேருக்கு அதே இடத்தில் கட்டி மீண்டும் வளர்ந்தது. திரும்ப வளர்ந்தவற்றில் 88% முதல் 2 ஆண்டுக்குள் தெரிந்தவை. சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலோருக்கு அப்போதும் அறுவை செய்து குணப்படுத்த வாய்ப்பு உண்டு.

9/ அதாவது, கத்தியைத் தள்ளி வைக்க முடிந்ததே கண்காணிப்பை நம்பித்தான். "நல்லாத்தானே இருக்கேன்"னு ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீங்க. நல்லா இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான் அந்தத் தேதியே. உங்க சிகிச்சை இன்னும் முடியல. அந்த ஸ்கேனும் சிகிச்சைதான்.