எலும்பைவிட வெள்ளையான புள்ளி

இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒருவர் இருமலோடு போய் நெஞ்சுப் படம் எடுத்தால், விலா எலும்பைவிட வெள்ளையாக ஒரு புள்ளி அதில் தெரியலாம். சளியுமல்ல, கட்டியுமல்ல. போர்க்காலத்தில் உடம்புக்குள் போன எறிகணைத் துண்டு. ஊரில் ‘பீஸ்’ என்பார்கள். எடுத்தால் ஆபத்து என்று உள்ளேயே விடப்பட்டது. 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் இந்த ஊர் வைத்தியசாலைமீதே எறிகணைகள் விழுந்தன. நோயாளர்களைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தப் படத்தை எடுக்கும் எக்ஸ்றே பிறந்தது 1895 நவம்பரில், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க்கில், ரொன்ஜனின் ஆய்வுகூடத்தில். காற்று நிறைந்த நுரையீரல் கதிரை அதிகம் மறிக்காது, கறுப்பாக விழும். நிமோனியாவோ காசநோயோ வந்து, காற்றிருந்த இடத்தில் நீரும் சளியும் நிறைந்தால் அங்கே வெண்மை படரும். முதலில் கண்ணாடித் தட்டில், பிறகு பிலிமில், அந்த வெண்மையை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் படித்தார்கள். படத்தை உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிய காலம் அது.

பிலிம் போய்க் கணினி வந்ததும் படம் எண்களாயிற்று. கருவி பதிவது பெரும்பாலும் 4096 சாம்பல் படிகள். சாதாரணத் திரை காட்டுவது 256. இதயத்தின் பின்னால் மங்கலாகக் கிடக்கும் தொற்று இந்தச் சுருக்கத்தில் தொலைந்துபோகலாம். அதனால் படத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் இருட்டையும் வெளிச்சத்தையும் தனியாக விரிக்கிறார்கள். புள்ளி புள்ளியான இரைச்சலும் கூடவே பெருகாதபடி ஓர் எல்லையும் வைக்கிறார்கள். பிறகு நுரையீரலின் ஓரத்தைப் பிரித்தெடுத்து, நோயைத் தேடக் கணினியைப் பழக்குகிறார்கள்.

பழக்கியது யாருடைய நெஞ்சை வைத்து? ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் இரண்டு தொகுப்புகளில் ஒன்று சீனாவின் ஷென்சென்னிலிருந்து வந்தது: 662 படங்கள், காசநோய் 336. மற்றது அமெரிக்காவின் மொன்ட்கொமரியிலிருந்து: 138 படங்கள், காசநோய் 58. வன்னி நெஞ்சு அவற்றில் இல்லை.

இது சின்ன விஷயமல்ல. 2018இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் நிமோனியா கண்டுபிடிக்கும் ஒரு கணினி நிரலைச் சோதித்தார்கள். படத்தின் மூலையில் இடம், வலம் காட்ட வைக்கும் உலோகக் குறி போன்றவற்றைப் பார்த்தே, எந்த வைத்தியசாலைப் படம் என்று அது அறிந்துகொண்டது. மூலையிலுள்ள குறியே அப்படி இழுக்குமென்றால், நுரையீரலின் நடுவில் கிடக்கும் இரும்பை அது என்னவென்று எடுக்கும்? நோய் என்று சொல்லவும் கூடும். அருகிலுள்ள உண்மையான வெண்மையைத் தவறவிடவும் கூடும்.

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, படம் வாசிப்பவருக்குப் பதிலாக இத்தகைய நிரலைப் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நிரல் தருவது ஒரு மதிப்பெண். எத்தனைக்கு மேல் போனால் சளியைப் பரிசோதிப்பது என்பதை அந்தந்த இடத்துக்கு ஏற்ப வகுக்க வேண்டும். கதிரியல் நிபுணர் கிட்ட இல்லாத ஊருக்கு இது பெரிய உதவி. எனக்கு இது வேண்டும். ஆனால் வன்னிப் படங்களும், பெயர் நீக்கி, உரியவரின் சம்மதத்தோடு, நிரலின் பாடத்தில் சேர வேண்டும். அதுவரை, படம் எடுப்பவர் “அம்மா, நெஞ்சிலை காயப்பட்டனீங்களோ? எந்த வரியம்?” என்று கேட்டு, பதிலைப் படத்தோடு எழுதி அனுப்பட்டும்.