போட்டி விதியும் பொது நீதியும்

பரிசு ஒன்று அறிவிக்கப்படும் இடத்தில் நடுவர் ஒருவர் வேண்டப்படுகின்றார். நடுவர் வந்தவுடன் விதியும் வேண்டப்படுகின்றது. ஓட்டப் பந்தயமாயினும் பேச்சுப் போட்டியாயினும் இதுவே வழக்கு. ஓடுபவனைக் கண்ணாற் காணலாம்; பேசுபவனைக் காதாற் கேட்கலாம். ஆதலின் அங்கு நடுவரின் வேலை ஓரளவு எளிது. ஆனால், போட்டியாளர் பல நாடுகளிற் சிதறியிருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், கணினி வழியாகவே தம் ஆற்றலைக் காட்டும் போட்டியில் நீதியை நிலைநாட்டுவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடைகாண முயன்ற போட்டிகளுட் பெரும்புகழ் பெற்றது நெட்பிளிக்ஸ் பரிசுப் போட்டி. 2006 ஆம் ஆண்டிலே தொடங்கி 2009 ஆம் ஆண்டில் முடிவெய்திய அதன் வரலாறு, விதி வகுப்போர் யாவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

கணினி நிரல் எழுதும் போட்டிகள் அதற்கு முன்னரும் நடைபெற்றன. பல்கலைக்கழக மாணவர்க்கான போட்டியொன்று 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலே தொடங்கிப் பின்னர் உலகப் போட்டியாக விரிந்தது. பாடசாலை மாணவர்க்கான அனைத்துலகத் தகவலியல் ஒலிம்பியாட் 1989 ஆம் ஆண்டில் பல்கேரியாவில் முதன்முறையாக நடைபெற்றது. இவை பரீட்சை மண்டபத்தை ஒத்தவை. எல்லோரும் ஓரிடத்திற் கூடி, ஒரே நேரத்தில், மேற்பார்வையாளர் முன்னிலையிலே விடையெழுதுவர். இணையம் பரவிய பின்னர் மண்டபச் சுவர்கள் மறைந்தன. மேற்பார்வையாளரின் கண் செய்த வேலையை இனி விதியே செய்யவேண்டியதாயிற்று.

நெட்பிளிக்ஸ் என்பது 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே தொடங்கப்பெற்ற நிறுவனம். போட்டி அறிவிக்கப்பட்ட காலத்தில் அது திரைப்படத் தட்டுகளைத் தபால் மூலம் வாடகைக்கு அனுப்பி வந்தது. படத்தைப் பார்த்த வாடிக்கையாளர் அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி வழங்குவர். அப்புள்ளிகளை ஆராய்ந்து, இன்னாருக்கு இன்ன படம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் நிரலொன்றை அந்நிறுவனம் வைத்திருந்தது. சினிமாட்ச் என்பது அதன் பெயர். அதன் கணிப்பை நூற்றுக்குப் பத்து வீதம் திருத்தமாக்குவோருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு என 2006 ஒக்டோபர் 2 ஆம் திகதி அறிவிப்பு வெளியாயிற்று. நிறுவனத்தைச் சார்ந்தோரும், கியூபா, வடகொரியா போன்ற தடைசெய்யப்பட்ட நாடுகளில் வசிப்போரும் நீங்கலாக, எவரும் பங்குபற்றலாம். பட்டமோ பதவியோ கேட்கப்படவில்லை.

திருத்தம் என்பதை எதனைக் கொண்டு அளப்பது? நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடந்தராத அளவுகோல் ஒன்று வேண்டும். கணித்த புள்ளிக்கும் வாடிக்கையாளர் உண்மையில் வழங்கிய புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கித்து, அவ்வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுப்பது என முடிவு செய்யப்பட்டது. இவ்வெண் குறையக் குறையக் கணிப்பு செம்மையுறும். சினிமாட்சின் பிழை 0.9525. பரிசைப் பெற வேண்டுமாயின் அது 0.8572 அளவுக்கு இறங்கவேண்டும். அளவுகோல் எல்லோருக்கும் முன்னரே தெரியும். முடிவு வந்தபின் அதனை நீட்டவும் குறுக்கவும் எவராலும் இயலாது.

போட்டியாளரின் பயிற்சிக்கென நிறுவனம் 100,480,507 புள்ளிப் பதிவுகளை வெளியிட்டது. 480,189 வாடிக்கையாளர்கள் 17,770 திரைப்படங்களுக்கு வழங்கிய புள்ளிகள் அவை. அவற்றைவிட, இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வேறு பதிவுகளில் வாடிக்கையாளர் இலக்கமும் படமும் திகதியும் மட்டும் தரப்பட்டன, புள்ளி மறைக்கப்பட்டது. அப்புள்ளிகளைக் கணிப்பதே போட்டி.

இங்கேதான் விதி வகுத்தோரின் நுண்ணறிவு புலப்படுகின்றது. மறைத்த பதிவுகளை அவர்கள் ஏறத்தாழச் சமமான இரு கூறாக்கினர். ஒரு கூற்றில் ஒவ்வொரு குழுவும் பெற்ற பெறுபேறு உடனுக்குடன் பகிரங்கப் பட்டியலிலே வெளியாகும். மற்றக் கூற்றின் பெறுபேறு நடுவர்க்கு மட்டுமே தெரியும்; பரிசு அதனைக் கொண்டே தீர்மானிக்கப்படும். எந்தப் பதிவு எந்தக் கூற்றைச் சேர்ந்தது என்பது போட்டியாளர்க்குத் தெரியாது. கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை மனனஞ் செய்து புள்ளி பெறும் மாணவனை ஆசிரியர்கள் அறிவர். அத்தகையோன் பாடத்தைக் கற்றானோ வினாத்தாளைக் கற்றானோ என்பது, காணாத வினா வரும்போது வெளிப்படும். பட்டியலைப் பார்த்துப் பார்த்து விடையைச் சரிக்கட்டும் சூழ்ச்சிக்கு இவ்விதி தடையிட்டது. ஒரு குழு நாளொன்றுக்கு ஒரு முறையே விடை அனுப்பலாம் என்ற விதியும் இதன்பாற்பட்டதே.

மற்றுமொரு விதி அறிவுலகுக்குப் பெரும் நன்மை செய்தது. பரிசு பெறுவோர் தம் முறையை மறைவின்றி வெளியிட்டு, அதனைப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனத்துக்கு வழங்கவேண்டும். ஆயினும் அம்முறை அவர்களுடைய உடைமையாகவே இருக்கும். பத்து வீதத்தை எட்டாத ஆண்டுகளிலும் முன்னேற்றங் கண்ட குழுவுக்கு 50,000 டொலர் உண்டு. அதற்கும் முறையை வெளியிடுதலே நிபந்தனை. இதனால் ஓராண்டின் வெற்றி அடுத்த ஆண்டில் எல்லோருக்கும் பாடமாயிற்று. விதி கட்டாயப்படுத்தாத இடத்திலும் சிலர் கொடைமனத்துடன் நடந்தனர். சைமன் பங்க் என்ற புனைபெயரில் முன்னணியில் நின்ற ஒருவர், 2006 டிசம்பரிலேயே தம் முறையை யாவரும் படிக்குமாறு எழுதி வெளியிட்டார். பின்வந்த குழுக்கள் பல அதன்மேற் கட்டியெழுப்பின.

தொடங்கி ஒரு வாரத்துக்குள் சினிமாட்ச் முந்தப்பட்டது. ஆயினும் மலையின் அடிவாரம் எளிது, உச்சியே கடினம். 2007 ஆம் ஆண்டில் ஏ.டி.அன்ட்.டி. ஆய்வுகூட அறிஞர்களின் குழு 8.43 வீத முன்னேற்றத்துடன் ஆண்டுப் பரிசைப் பெற்றது. அவ்வறிஞர்கள் ஒஸ்திரிய நாட்டு இளைஞர் இருவருடன் சேர்ந்து, 2008 ஆம் ஆண்டிற் கண்ட முன்னேற்றம் 9.44 வீதம். தனித்து நின்று எஞ்சிய தூரத்தைக் கடத்தல் அரிது என்பதை எல்லோரும் உணர்ந்தனர். குழுக்கள் ஒன்றுசேர்வதை விதி தடுக்கவில்லை. அவ்விரு தரப்பாரும் கனடாவின் மொன்றியல் நகரத்தவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, பெல்கோர்ஸ் பிராக்மாட்டிக் கேயாஸ் என்ற கூட்டணியாயினர். 2009 ஜூன் 26 ஆம் திகதி அக்கூட்டணி 10.05 வீதத்தை எட்டியது.

எட்டியவுடன் பரிசு அவர்களுக்கு உரியதாகவில்லை. எவரேனும் பத்து வீதத்தைக் கடந்தால், ஏனையோருக்கு முப்பது நாள் அவகாசம் வழங்கப்படும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்ட விதி. அந்த முப்பது நாளில், போட்டியாளராயிருந்த பல குழுக்கள் கைகோத்து என்செம்பிள் என்ற பெயரில் எதிரணியாகத் திரண்டன. முடிவுக்கு முதல்நாள் பகிரங்கப் பட்டியலில் எதிரணி முதலிடத்துக்கு ஏறியது. ஜூலை 26 ஆம் திகதி, காலம் முடியச் சில நிமிடங்கள் இருக்க, அது தன் இறுதி விடையையும் அனுப்பியது. போட்டி முடிந்தபோது பட்டியலின் உச்சியில் இருந்த பெயர் என்செம்பிள்.

ஆனால் பரிசைத் தீர்மானிப்பது மறைந்திருந்த மற்றக் கூறு அல்லவா? அதனைத் திறந்து பார்த்தபோது இரு அணிகளின் பிழையும் நான்கு தசம தானம் வரை 0.8567 ஆக இருந்தது. இருவர் முன்னேற்றமும் 10.06 வீதம். சமநிலை ஏற்படின் முந்தி அனுப்பியவருக்கே பரிசு என்பதும் விதியில் இருந்தது. பெல்கோர் கூட்டணியின் விடை ஏறத்தாழ இருபது நிமிடம் முன்னதாக வந்திருந்தது. 2009 செப்டெம்பர் 21 ஆம் திகதி நியூயோர்க் நகரில் அவர்களுக்குப் பத்து இலட்சம் டொலர் வழங்கப்பட்டது. மூன்றாண்டு உழைப்பை இருபது நிமிடம் தீர்த்துவிட்டதே என இரங்குவாரும் உளர். எனினும் இவ்விதி தோற்றவருக்கும் வென்றவருக்கும் மூன்றாண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்தது. சமநிலை வந்தபின் நடுவர் ஒரு வழியைத் தேடியிருப்பின், அது எவ்வழியாயினும் ஐயத்துக்கு இடமளித்திருக்கும். 186 நாடுகளிலிருந்து 51,051 பேர் பதிவுசெய்திருந்த போட்டி இவ்வாறு முடிவுற்றது.

போட்டியாளர்க்கிடையே நீதி நன்கு காக்கப்பட்டது. ஆயினும் இப்போட்டியில் வேறொரு சாராரும் இருந்தனர். புள்ளி வழங்கிய 480,189 வாடிக்கையாளர்களே அவர்கள். தங்கள் விருப்பு வெறுப்புகள் உலகின் முன் வைக்கப்படும் என அவர்கள் எதிர்பார்த்தவர் அல்லர். பெயர்கள் நீக்கப்பட்டு, பெயருக்குப் பதிலாக எண் இடப்பட்டமையால் அவர்களுக்கு ஊறு நேராது என நிறுவனம் கருதியது.

அக்கருத்துத் தவறு எனக் காட்டியோர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிக்கோவ் என்னும் இருவர். 2008 ஆம் ஆண்டில் முறைப்படி வெளியான அவர்களின் ஆய்வின் சாரம் இதுவாகும்: ஒருவர் புள்ளியிட்ட எட்டுப் படங்களும், இரு வாரம் முன்பின்னாக அவற்றின் திகதிகளும் தெரிந்தால், அவ்வெட்டில் இரண்டு தவறாயிருப்பினும், நூற்றுக்கு 99 பதிவுகளை இன்னாருடையவை எனத் தனியே பிரித்தறியலாம். திரைப்படத் தகவல் தளமொன்றில் சிலர் தம் பெயருடன் எழுதியிருந்த புள்ளிகளோடு ஒப்பிட்டு, பெயரற்ற பதிவுகள் சிலவற்றுக்கு உரியவரை அவர்கள் அடையாளங் கண்டனர். ஒருவன் எப்படங்களை விரும்பிப் பார்த்தான் என்பதிலிருந்து அவனுடைய அரசியலையும் சமயத்தையும் அந்தரங்கத்தையும் ஊகிக்க முடியும் அன்றோ?

இது வெறும் அச்சமன்று என்பதற்கு முன்வரலாறும் உண்டு. 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குப் பிரேரிக்கப்பட்ட ரொபர்ட் போர்க் என்னும் நீதியரசர் வாடகைக்கு எடுத்த படங்களின் பட்டியலைப் பத்திரிகையொன்று வெளியிட்டது. அதன் விளைவாக அடுத்த ஆண்டிலேயே இத்தகைய பதிவுகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டு 2009 டிசம்பரில் நெட்பிளிக்ஸ்மீது வழக்குத் தொடரப்பட்டது. பெயர் வெளியிட விரும்பாத தாய் ஒருவரும் வழக்காளிகளுள் இருந்தார். தம் அந்தரங்க வாழ்வு வெளிப்பட்டால் தமக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கு நேரும் என்பது அவருடைய முறைப்பாடு. அரசின் வர்த்தக ஆணைக்குழுவும் வினா எழுப்பியது. 2010 மார்ச்சில் வழக்கு இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி கைவிடப்பட்டது.

பரிசு பெற்ற முறையின் கதியும் அறியத்தக்கது. 2007 ஆம் ஆண்டு வெற்றியிலிருந்து இரு முறைகளை நிறுவனம் எடுத்துப் பயன்படுத்தியது. இறுதி வெற்றியின் முழுமையான முறையோ, நடைமுறைப்படுத்தும் உழைப்புக்கு ஈடான பயன் தராது என விடப்பட்டதாக 2012 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பொறியியலாளரே எழுதினர். விதி எதனை அளந்ததோ அதிலே போட்டியாளர் சிறந்தனர்; அளக்காத எளிமையையும் நடைமுறைப் பயனையும் அவர்கள் தேடவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. அளவுகோலைத் தேர்ந்தவர்க்கே அப்பொறுப்பு உரியது.

முன்கூட்டி அறிவிக்கப்பட்ட விதி, எல்லோர்க்கும் பொதுவான அளவுகோல், நடுவரையே கட்டுப்படுத்தும் ஒழுங்கு, வென்ற வழியைப் பிறர்க்கும் கற்பிக்கும் கடமை ஆகிய நான்கும் அமைந்தமையால், ஒருவரையொருவர் காணாத ஐம்பதினாயிரவர் அப்போட்டியை நம்பினர். நான்கும் இருந்தும் ஐந்தாவதொன்று இல்லாமற் போயிற்று. களத்தில் இறங்காதவருக்கு இவ்விதியால் என்ன நேரும் என்ற கேள்வியே அது. பந்தயம் நடத்துவோர் ஓடுபவர்க்குச் சமமான கோடுகளைக் கீறுவதுடன், பந்தயப் பாதை யாருடைய முற்றத்தின் ஊடாகச் செல்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். அவ்வீட்டாரின் சம்மதத்தையும் கேட்டபின் வகுக்கப்படும் விதியே முழுநீதியுடையதாகும்.