இண்டென்ச்சர்: ஒரு சொல்லின் வரலாறு

ஒருவரை எழுத்து மூலம், குறிப்பிட்ட காலத்திற்கு வேலைக்குக் கட்டுப்படுத்துவதை ஆங்கிலத்தில் 'இண்டென்ச்சர்' என்ற வினைச்சொல்லால் குறிப்பர்.

இலத்தீன் மொழியில் 'டென்ஸ்' என்றால் பல். பல் மருத்துவரை 'டென்டிஸ்ட்' என்பதும் இந்த வேரிலிருந்து வந்ததே. பல்லுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? முற்காலத்தில் இங்கிலாந்தில் உடன்படிக்கையை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே ரம்பப்பல்போல் வளைத்து வெட்டுவார்கள். ஆளுக்கொரு பாதி. வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் மோசடி. இரு தரப்புக்கும் காவலாகப் பிறந்த சொல் இது. தொழில் பழகும் சிறுவர்களையும் இப்படியே எழுதிச் சேர்த்தார்கள்.

பின்னர் அச்சொல் கடல் கடந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் பலர் இவ்வாறு எழுதிக்கொடுத்தே வந்தனர். எழுத்தறியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். வேலையைவிட்டு ஓடினால் சிறை. காவலாகப் பிறந்த சொல் விலங்காயிற்று. மலாயாவில் இம்முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது.

தாளைப் பல்போல் வெட்டும் வழக்கம் இன்றில்லை. ஆயினும் கையெழுத்திடுமுன் படியுங்கள். இயலாவிட்டால் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பிரதியையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள்.